எம்மெல்லேவும் சீக்வலும்

ஒரு சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் வராத சிரிப்பு. உதட்டோரம் லேசாக ஏறி, பக்கத்தில் இருப்பவனைக் கண்ணால் ஒருமுறை தொட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி லேப்டாப்புக்குத் திரும்பிவிடுகிற வகை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு அந்த அறையில் ஏழெட்டுப் பேர் அப்படிச் சிரித்தோம். நானும்தான்.

எங்கள் டீமில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம், அதற்கப்புறம் இன்ஜினியரிங். வேலையில் படு சுட்டி. ஒரு ரிப்போர்ட் ஏன் நாற்பது நிமிஷம் ஓடுகிறது என்று நாங்கள் மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரே மத்தியானத்தில் காரணத்தைப் பிடித்து, இன்டெக்ஸ் ஒன்றைச் சேர்த்து, நாலு நிமிஷத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதை எல்லோருக்கும் விளக்கச் சொல்லித்தான் மீட்டிங். எழுந்து நின்று, "இந்த யெஸ்க்யூயெல்லுல என்ன பிரச்சினைன்னா..." என்று ஆரம்பித்தாள். எஸ்.கியூ.எல்., டேட்டாபேஸிலிருந்து தகவலைக் கேட்டு எடுக்கிற கம்ப்யூட்டர் மொழி. மேனேஜர் கையை லேசாக உயர்த்தி, ரொம்ப மென்மையாக, "சீக்வல்" என்றார். அவளுக்குப் புரியவில்லை. "சீக்வல்னு சொல்லணும்மா. கிளையன்ட் கால்ல இப்படிச் சொல்லிடாதே." அப்போதுதான் அந்தச் சிரிப்பு மேஜையைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது.

"ஓகே சார்" என்றாள். பேச்சைத் தொடர்ந்தாள். நன்றாகவே பேசினாள். ஆனால் அந்த மீட்டிங் முடிகிறவரை அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. எஸ்.கியூ.எல். என்றும் இல்லை, சீக்வல் என்றும் இல்லை. "அந்தக் குவெரி" என்பாள், "டேட்டாபேஸ்ல எழுதியிருக்கிறது" என்பாள், "இந்த ஸ்கிரிப்ட்டு" என்பாள். ரோட்டில் தினமும் பார்க்கிற குழியை ஒடித்து ஒடித்துச் சுற்றிப் போகிற சைக்கிள் மாதிரி. அது அன்றோடு முடியவில்லை என்பது சில வாரங்கள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. தினம் எட்டு மணி நேரம் எஸ்.கியூ.எல். எழுதுகிற ஒருத்தி, மாதக்கணக்கில் அதன் பெயரைச் சொல்லாமலே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் கெட்டவரில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதே மீட்டிங்கின் கடைசியில் அவர், "ஹெச்.ஆர்.கிட்ட நான் பேசிட்டேன்" என்றார். ஆங்கில அகராதிகளைப் பார்த்தால் அந்த எழுத்தின் பெயர் 'எய்ச்'தான், முன்னால் ஹகரம் கிடையாது. வட அயர்லாந்தில் அதை ஹகரத்தோடு சொல்கிறவர் கத்தோலிக்கர், இல்லாமல் சொல்கிறவர் புராட்டஸ்டன்ட் என்று ஆளை எடைபோடுகிற அளவுக்கு அது ஒரு விவகாரம். இங்கே யாரும் மேனேஜரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவர் சம்பளத்துக்கு ஹகரம் கூடுதலாக இருந்தால் என்ன குறைந்தால் என்ன.

அன்றிரவு நான் செய்த முதல் காரியம், யார் சொன்னது சரி என்று தேடியதுதான். அவளுக்காக இல்லை, என் மன நிம்மதிக்காக. 1974-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆராய்ச்சிக்கூடத்தில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இரண்டு பேரும் இந்த மொழிக்கு வைத்த பெயர் நிஜமாகவே சீக்வல்தான். ஆறு எழுத்து, உயிரெழுத்துகளோடு. அந்தப் பெயரை ஒரு பிரிட்டிஷ் விமானத் தயாரிப்புக் கம்பெனி ஏற்கெனவே வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருந்ததால் உயிரெழுத்துகளைக் கழற்றிவிட்டு மூன்று எழுத்தாக்கினார்கள். எழுத்து போனது, உச்சரிப்பு அங்கே தங்கிவிட்டது. நாங்கள் தினமும் பயன்படுத்துகிற மைஎஸ்கியூஎல் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளின் கையேட்டைத் திறந்தால், அதிகாரபூர்வமான உச்சரிப்பு எழுத்தெழுத்தாகச் சொல்வதுதான், சீக்வல் அல்ல, ஆனாலும் எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணையில்லை என்று எழுதியிருக்கிறது. ஆக, எங்கள் கம்பெனியில் ஓடுகிற அந்தக் குறிப்பிட்ட சரக்கைப் பொறுத்தவரை, அந்த அறையில் சரியாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான். திரையை மூடிவிட்டுப் படுத்தேன். மறுநாள் ஆபீசில் இதை யாரிடமும் சொல்லவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

அப்பா போன பெல்

நான் திருச்சியில் திருவெறும்பூர்ப் பக்கம் வளர்ந்தவன். அப்பா பெல்லில் வேலை பார்த்தார். 'பெல்' ஒரு சுருக்கம் என்பதே எனக்கு ஆறாவது ஏழாவது படிக்கும்போதுதான் தெரியும். அதுவரை பள்ளிக்கூடத்தில் அடிக்கிற பெல்லுக்கும் அப்பா போகிற பெல்லுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும், அப்பா சைக்கிளை எடுப்பார், பெல் அடித்தால் நாங்கள் கிளாசுக்குப் போகிற மாதிரி. பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ், 1965-ல் செக்கோஸ்லோவாகியா உதவியோடு தொடங்கிய ஹை பிரஷர் பாய்லர் பிளான்ட் என்பதெல்லாம் பொது அறிவுப் போட்டிக்காகப் பின்னால் மனப்பாடம் செய்தது. பஸ்சில் டிக்கெட் கேட்டாலும் பெல், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் பெல். "பையன் பெல்லுல இருக்கான்" என்றால் திருச்சியில் அதற்கு மேல் விசாரணை கிடையாது.

முதல் வேலைக்கான இன்டர்வியூ பெங்களூரில். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். பெல் என்றேன். "ராடார் பிரிவா?" என்று கேட்டார் எதிரில் இருந்தவர். ராடாரா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பாய்லர் சார்" என்றேன். பாரத் எலக்ட்ரானிக்ஸ் என்று பெங்களூரில் வேறொரு பொதுத்துறைக் கம்பெனி இருக்கிறது, அவர்களும் பெல், அவர்கள் ராடார் செய்கிறவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ஹெச்தான் வித்தியாசம். தமிழில் அந்த வர்க்க எழுத்து இல்லை, நம் வாய் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. போபாலில் இதே கம்பெனியை 'பேல்' என்பார்கள், மூச்சை அழுத்தி. பேல்பூரியின் அதே பேல், இந்தியில் எழுத்துக்கூட ஒன்றுதான்.

வேலை கிடைத்தது. ஆனால் அந்த ஒரு நிமிஷக் குழப்பம் எனக்குள் எங்கேயோ முள்ளாகத் தங்கிவிட்டது. அதற்கப்புறம் நான் யாரிடமும் பெல் என்று சொன்னதில்லை. பி.ஹெச்.இ.எல்., நாலு எழுத்தையும் தனித்தனியாக. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, வீட்டுக்கு வந்திருந்த அப்பாவின் நண்பர்கள் நாலு பேர் முன்னால் அப்பாவைத் திருத்தினேன். "பெல் இல்லப்பா, பி.ஹெச்.இ.எல்.னு சொல்லணும். பெல்னா அது வேற கம்பெனி." அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "முப்பத்தொரு வருஷம் உள்ள போயிட்டு வந்திருக்கேன்டா. ஒரு நாளும் தப்பான கம்பெனிக்குப் போனதில்ல." நண்பர்கள் வெடித்துச் சிரித்தார்கள். அது வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு, அதில் விஷம் இல்லை. அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்பாயி படிக்காத நன்னூல்

என் அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. பென்ஷனுக்கு ரேகைதான். ஆனால் சுருக்கப் பெயர்கள் அத்தனையும் அவர் வாயில் புழங்கும். ஊருக்கு வந்தவர் எம்மெல்லே. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் எச்செம்மு. பட்டாவுக்கு வீயேவோ. ஓட்டுப் போட்டது எம்ஜியாருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் பீயே படித்தவன். சின்ன வயதில் நானும் என் தம்பியும் இதைச் சொல்லிக்காட்டிச் சிரிப்போம். எம்.எல்.ஏ. என்று புள்ளி வைத்துப் புள்ளி வைத்துச் சொன்னால்தான் படித்தவன் என்று எங்கள் நினைப்பு.

போன வருஷம் அண்ணன் மகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. புணர்ச்சி. 'தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்.' கல்லும் எறிந்தானும் சேர்ந்தால் கல்லெறிந்தான். தனிக் குறிலுக்குப் பின்னால் மெய்யெழுத்து இருந்து, அடுத்து உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும். சொல்லிக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றேன். எம் என்பது என்ன? எகரக் குறில், பக்கத்தில் மகர மெய். அதோடு எல் சேர்ந்தால் எம்மெல். எல்லோடு ஏ சேர்ந்தால் எல்லே. எம்மெல்லே! அப்பாயி பவணந்தி முனிவர் போட்ட ரோட்டில் ஓர் அங்குலம் விலகாமல் போயிருக்கிறார். எச்சும் எம்மும் சேர்ந்தால் எச்செம். என்.ஓ.சி. வாங்கப் போகிறவர்கள் சொல்கிற 'என்னோசி'யும் அதே கணக்குத்தான். ஆர் என்பதில் ஆகாரம் நெடில், அதனால் அங்கே மெய் இரட்டாது, வருகிற உயிர் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் தெருத்தெருவாகக் கேன் போடுகிறவர் விற்பது 'ஆரோ வாட்டர்'. பி.ஏ. பீயே ஆனதற்கு உடம்படுமெய், இகர ஈகாரத்துக்குப் பின்னால் யகரம். இதில் என்னை ரொம்ப ரசிக்கவைத்தது வி.ஏ.ஓ.தான். ஏகாரத்துக்குப் பின்னால் யகரமும் வரலாம், வகரமும் வரலாம் என்று நன்னூல் இரண்டுக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் ஊரிலும் பாதிப் பேர் வீயேவோ, மீதிப் பேர் வீயேயோ.

எம்.ஜி.ஆர். கதை இன்னும் ஒரு படி மேலே. ஆங்கிலத்தில் அது மூன்று எழுத்து, அவ்வளவுதான். தமிழ்க் காதில் விழும்போது அது 'எம்ஜியார்'. ஆர் என்பது நமக்கு மரியாதை விகுதி. பெரியார், நாச்சியார், மாமியார். ராமச்சந்திரன் என்ற பெயரின் முதல் எழுத்துதான் கடைசியில் நிற்கிறது என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெயரிலேயே 'அவர்' ஒட்டிக்கொண்டிருக்கிற மனுஷராகத்தான் அவர்கள் அவரைக் கேட்டார்கள். ஆந்திராக்காரருக்கும் அந்த யோகம் நம் வாயில் கிடைத்தது, என்டியார்.

தமிழில் சுருக்கினால் இந்தப் பிரச்சினையே இன்னொரு தினுசாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் முதலெழுத்து என்பது வெறும் மெய், தனியாக வாயில் நிற்காது. அதனால் எழுத்தெழுத்தாகச் சொல்வதா, சேர்த்து ஒரு வார்த்தையாகச் சொல்வதா என்று அங்கே சண்டை. கிராஃபிக்ஸ் கோப்பு ஒன்றுக்கு ஜிஃப் என்றுதான் பெயர் என்று அதை 1987-ல் உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட்டே சொல்லியும் பாதி உலகம் கிஃப் என்கிறது. நமக்கு முதலெழுத்து உயிரோடுதான் வரும். திராவிடத்தில் தி, முன்னேற்றத்தில் மு, கழகத்தில் க. சேர்த்தால் அது தானாகவே ஒரு சொல். புள்ளிகள் உதிர்ந்து தி.மு.க. திமுக ஆனது யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்ததல்ல. மேடையில் கைதட்டலுக்கு நடுவே அது தீமூக்கா என்று நீளும், வேண்டிய அளவு இழுத்துக்கொள்ளலாம். டி.எம்.கே.வை அப்படி இழுத்துப் பாருங்கள், தெரியும்.

இதில் தடுக்கி விழுகிற இடங்களும் உண்டு. திரு.வி.க. என்பதில் திருவுக்குத் திருவாரூர் என்று அர்த்தம், விருத்தாசலம் மகன் கலியாணசுந்தரம். ஆனால் 'திரு' என்பதை மரியாதைக்குப் போட்டது என்று நினைத்து, 'வி.க. அவர்கள்' என்று மேடையில் முழங்கியவரை நானே கேட்டிருக்கிறேன். சி.பி.ஐ.யைப் புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் 'சிபியை' என்றாகி, புறாவுக்குச் சதை அறுத்துக் கொடுத்த சோழ மூதாதையை யாரோ தேடுவது போலிருக்கும். வ.உ.சி. நம் வாயில் 'வவுசி', ஆங்கிலத்தில் எழுதினால் வி.ஓ.சி. 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சுருக்கப் பெயரும் அதே மூன்று எழுத்துதான், வி.ஓ.சி. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு எதிராக 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கியவரின் இனிஷியலும், அதே துறைமுகத்தில் அதற்கு முன்னால் கோலோச்சிய கம்பெனியின் முத்திரையும் ஒன்று. 2011-லிருந்து துறைமுகத்தின் பெயரே வ.உ.சிதம்பரனார் துறைமுகம். அந்த எழுத்துகள் கடைசியில் யாரிடம் போய்ச் சேர்ந்தன என்று பார்த்தீர்களா.

எட்டு

இப்போது நான் கோட்டைவிட்ட கதை. எங்கள் பூர்வீக நிலம் கொஞ்சம் இருக்கிறது. பட்டாவில் அப்பாவின் பெயருக்குப் பதில் அடுத்த வயல்காரர் பெயர் ஏறியிருந்தது. தாலுகா ஆபீசில் மனு கொடுத்து, நடந்து, கடைசியில் அங்கிருந்த ஒருவர் சொன்னார்: "இதுக்கு மேல இங்க ஒண்ணும் ஆகாது. ஆர்.டி.ஓ.கிட்ட அப்பீல் போடுங்க." அடுத்த திங்கட்கிழமை லீவு போட்டேன். அப்பாவைக் காரில் ஏற்றி, போனில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று தட்டினேன். வழி காட்டியது, கிளம்பினேன்.

பாதி வழியில் அப்பா வெளியே எட்டிப் பார்த்தார். "சப் கலெக்டர் ஆபீஸ் இந்தப் பக்கம் இல்லியே." நான் ஸ்டீயரிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்: "அது வேறப்பா. நமக்கு ஆர்.டி.ஓ." அப்பா மஞ்சப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

போய் இறங்கினால் பெரிய மைதானம். ஓரத்தில் வேப்பமரம், அதன் நிழலில் எல் போர்டு மாட்டிய கார்கள் வரிசையாக. நடுவில் ஒரு பையன் கால் தரையில் படாமல் பைக்கில் எட்டு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாவது வளைவில் ஊன்றிவிட்டான். பிரேக் இன்ஸ்பெக்டர் கையை ஆட்டி அவனைப் போகச் சொன்னார். பார்த்துக்கொண்டிருந்த அப்பா "ச்சு" என்றார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இல்லை. பெரிய ஆபீஸ், எல்லா வேலையும் இங்கேதான் நடக்கும் போல என்று நினைத்து வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பையன்கள் "எல்லெல்லார் எப்படா போட்ட?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். முக்கால் மணி நேரம். கவுன்டரில் இருந்தவர் நிமிராமல் கேட்டார், "வண்டி நம்பர்?"

"வண்டி இல்லீங்க. பட்டா அப்பீல்."

அவர் நிமிர்ந்தார். மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பின்னால் துண்டைச் சரிசெய்தபடி நின்ற அப்பாவைப் பார்த்தார். பக்கத்து சீட்டுக்காரரைக் கண்ணால் ஒருமுறை தொட்டார். பிறகு கம்ப்யூட்டருக்குத் திரும்பிக்கொண்டு, ரொம்ப மென்மையாகச் சொன்னார்: "சார், இது டி, அது டி. நீங்க போக வேண்டியது அந்த டி."

அதே சிரிப்பு. சத்தமில்லாமல், உதட்டோரம். அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. என் முகத்தில் அது எப்படி இருந்திருக்கும் என்பதை எனக்கு யாரோ கண்ணாடி பிடித்துக் காட்டிய மாதிரி இருந்தது. காது சூடாகிவிட்டது. 'தேங்க்ஸ்' என்று சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, அந்த மூன்று எழுத்தைச் சத்தமாகச் சொல்லக்கூடாது, கோட்டாட்சியர் என்றுதான் இனிமேல் சொல்ல வேண்டும் என்று நான் தீர்மானித்துக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். குழியைச் சுற்றிப் போகிற சைக்கிள்.

வாகனத்துக்கான ஆர்.டி.ஓ.வும் வருவாய்க் கோட்டத்துக்கான ஆர்.டி.ஓ.வும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வேறு. நமக்கு இரண்டும் ஒரே டி. பத்திரிகையில் வரதட்சிணைச் சாவுக்கு ஆர்.டி.ஓ. விசாரணை என்று படிக்கிறோம், அடுத்த பத்தியிலேயே ஆம்னி பஸ்களில் ஆர்.டி.ஓ. சோதனை என்று படிக்கிறோம், குழம்புவதில்லை. பக்கத்தில் நிற்கிற சொல் காட்டிக்கொடுத்துவிடும். தனியாகச் சொன்னால்தான் மாட்டிக்கொள்கிறோம். ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு மேல் வரி போட்டுவிட்டார்கள் என்று 2017 ஜூலையில் தாம்பரத்துக்காரர்கள் கேலி பேசியதும் இப்படித்தான். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு அது, வரிக்கு ரொம்ப மூத்தது. அப்பாவின் தலைமுறை மாட்டிக்கொள்ளாததற்குக் காரணம் அவர்கள் சுருக்கத்தை விரிக்கத் தெரிந்தவர்கள் என்பதல்ல. ஐ.ஏ.எஸ். முடித்த இளம் அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் சப் கலெக்டர், மற்றபடி ஆர்.டி.ஓ. அப்பா முதன்முதலாக அங்கே போன காலத்தில் சப் கலெக்டர் இருந்திருக்கிறார். ஆபீஸ் அவருக்கு அந்தப் பெயரிலேயே பதிந்துவிட்டது. அவர் பெயரைக் கேட்டுப் போகிறவரில்லை, போன இடத்துக்குப் பெயர் சொல்கிறவர். பெல்லும் அப்படித்தான். மின்சார வாரியத்தை 2010-ல் பிரித்து டான்ஜெட்கோ ஆக்கினார்கள், அதையும் பின்னால் பிரித்து வேறு பெயர் வைத்தார்கள். வீட்டில் கரண்ட் போனால் நாம் திட்டுவது ஈபிக்காரனைத்தான். நெய்வேலியில் 2016-ல் கம்பெனிப் பெயரையே 'என்.எல்.சி. இந்தியா' என்று மாற்றிவிட்டார்கள். லிக்னைட்டும் இல்லை, நெய்வேலியும் இல்லை, அந்த மூன்று எழுத்துக்கு இனிமேல் விரிவே கிடையாது. பெற்றோர் போன பிறகும் இனிஷியல் மட்டும் நிற்கிற மாதிரி.

ஏரிஎம்முக்குப் போட்டு வாறன்

இந்தக் கதையை ரொறன்ரோவில் இருக்கிற யாழ்ப்பாண நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "மச்சான், எங்கட தமிழிலை எழுதியிருந்தா நீ தப்பியிருப்பாய்" என்றான். எப்படி என்று புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர்கள் எழுத்தில் ஆங்கில டி இரண்டும் இரண்டு. டொக்டருக்கு 'ட', ரீச்சருக்கு 'ர'. டிசம்பர் டிசம்பர்தான், ரிக்கற் ரிக்கற்தான். அந்த ஊரையே அவர்கள் ரொறன்ரோ என்றுதான் எழுதுகிறார்கள். ஆக அவன் எழுத்தில் வண்டிக்காரர் ஆர்.ரி.ஓ., நிலத்துக்காரர் ஆர்.டி.ஓ. முக்கால் மணி நேரம் மிச்சம்.

அவனோடு பழகிய புதிதில் ஒருநாள், பேசிக்கொண்டே இருந்தவன், "ஏரிஎம்முக்குப் போட்டு வாறன்" என்று மெசேஜ் போட்டுவிட்டு மறைந்துவிட்டான். எந்த ஏரி? அந்தக் குளிரில் ஏரிக்கு எதற்குப் போகிறான்? எதைக் கொண்டுபோய்ப் போடப் போகிறான்? திரும்பி வந்ததும் கேட்டேன். காசு எடுக்க ஏ.டி.எம்.முக்குப் போய்விட்டு வந்திருக்கிறான், அவ்வளவுதான். எனக்கு எழுத்தில் ஏரியாகத் தெரிந்தது, அவன் வாயால் சொல்லிக் கேட்டபோது வெள்ளைக்காரன் சொல்கிற டி-க்குப் பக்கத்தில் இருந்தது, நுனிநாக்கு பல்லுக்கு மேல் ஈறில் பட்டு. நம்முடையதுதான் நாக்கை மடித்து உள்ளே தட்டுகிற தடித்த டி. நாம் அவர்கள் 'ரிவி'யைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆங்கிலத்துக்கு யார் கிட்டே என்று போட்டி வைத்தால் ஜெயிப்பது ரிவிதான். அந்தப் போட்டியை எதற்கு வைக்க வேண்டும் என்பது வேறு விஷயம். நண்பனிடம் இதைச் சொன்னபோது, அவன் மகள் வீட்டில் அவனைத் திருத்துவதாகச் சொன்னான். அந்த ஊரில் பிறந்தவர்கள் நகரத்தின் பெயரில் இரண்டாவது டி-யை விழுங்கிவிடுவார்களாம், 'டொரானோ'. "நான் அதுக்குள்ளை ரெண்டு ற, ர எல்லாம் வச்சு எழுதிப்போட்டன், அவள் ஒண்டைத் தூக்கி எறிஞ்சுபோட்டாள்" என்றான்.

ஊரிலிருந்து திரும்பிய வாரம், சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்ணும் நானும் மட்டும் மேஜையில். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆர்.டி.ஓ. கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு மெதுவாக, அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, மைஎஸ்கியூஎல் கையேட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது, நான் அப்போதே பார்த்தேன் என்றேன். ஏதோ பெரிய பரிசைக் கொண்டுவந்து கொடுப்பது போல இருந்திருக்க வேண்டும் என் முகம்.

"தெரியும்ண்ணா" என்றாள், தயிர்ச் சாதத்தைப் பிசைந்துகொண்டே. "அன்னிக்கு சாயங்காலமே பஸ்ல பாத்துட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்களும் பாத்தீங்கல்ல. நீங்க ஏன் சொல்லல?"

என்னிடம் பதில் இல்லை. ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொண்டாள். மேனேஜரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, புதிதாக வந்த டிக்கெட்டைப் பற்றிப் பேசினோம். கிளையன்ட் கால்களில் இப்போதெல்லாம் அவள் சீக்வல் என்றுதான் சொல்கிறாள், சுத்தமாக, மேனேஜரை விடச் சுத்தமாக. தன் சீட்டில் குவெரி ஓடாமல் நின்றால் மட்டும், "ஏய் யெஸ்க்யூயெல்லு, என்னடா ஒனக்கு" என்று திரையைப் பார்த்துத் திட்டுவது என் சீட் வரை கேட்கும்.

அப்பீல் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு வாய்தா முடிந்துவிட்டது. மூன்றாவதுக்கு என்னால் போக முடியவில்லை, அப்பா மட்டும் டவுன் பஸ்சில் போய் வந்தார். போன வாரம் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் கோப்புகளை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். அப்பா பெல்லிலிருந்து ரிட்டயர் ஆனாலும் கோப்புக்கு லேபிள் ஒட்டுகிற பழக்கத்திலிருந்து ரிட்டயர் ஆகவில்லை. ஈபி ஒன்று, வீட்டு வரி ஒன்று, என் பழைய பைக்கின் ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்சும் சேர்ந்து ஆர்.டி.ஓ. ஒன்று. அதற்குக் கீழே புதுசாகப் பச்சை அட்டை. சிவப்பு மையில், அவருடைய குண்டுக் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'ஆர்.டி.ஓ. - எட்டு போடாதது.'